அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் அரசுப் பள்ளி நன்கொடைக்குக் கிடைக்கும் 'வரிக் கழிவு' என்றால் என்ன?

கட்ட வேண்டிய மாநில வருமான வரியிலிருந்தே நன்கொடைத் தொகையை நேரடியாகக் கழித்துக்கொள்வதுதான் இது. தனிநபருக்கு 200 டாலர், கூட்டாகக் கணக்கு தாக்கல் செய்யும் தம்பதிக்கு 400 டாலர் வரை. பதின்வயதில் பிள்ளை பெற்ற மாணவிகள் படிப்பை விடாமலிருக்க ஓர் அரசுப் பள்ளி நடத்தும் திட்டம் விதிகளுக்குள் வந்தால், அதற்கும் கொடுக்கலாம். கைக்குழந்தையோடு வகுப்புக்கு வரும் பெண்ணுக்கு இது பெரிய ஆதரவு.

அரசு ஏன் விட்டுக்கொடுக்கிறது? வரிப்பணத்தில் ஒரு பகுதி எந்தப் பள்ளிக்குப் போக வேண்டும் என்பதை மக்களே தீர்மானிக்கட்டும் என்றுதான். மளிகைக் கடைப் பாக்கி 200 இருக்கிறது. நீங்கள் விரும்பும் பள்ளிக்கு அதைக் கொடுத்ததும், பாக்கி தீர்ந்தது என்று கடைக்காரர் ஏற்றுக்கொள்கிறார், அப்படித்தான்.

வரியிலிருந்து அல்லாமல், வரி கணக்கிடும் வருமானத்திலிருந்து நன்கொடையைக் கழிப்பது வேறு: அரிசோனாவின் 2.5% வரியில் 200 டாலருக்கு 5 டாலர்தான் மிச்சம்.

அப்புறம், வரியே இல்லாதவருக்கும் பணம் திரும்பி வரும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது, ஆனால் பயன்படுத்தாமல் மீந்த கழிவை அடுத்த 5 ஆண்டுகள் வரை பயன்படுத்தலாம்.