நூறு ரூபாய்க்குப் பெட்ரோல்

வணக்கம் அண்ணா,

பெட்ரோல் வரியை அதிகம் கட்டுவது கார்காரர்கள்தான், ஏழைகள் இல்லை என்று போன வாரம் எழுதியிருந்தீர்கள். நான் கோரிமேட்டில் இருக்கிறேன். பிளம்பிங் வேலை. வாரத்தில் ஐந்து நாளாவது ஏற்காடு ஏற வேண்டும். எக்ஸ்எல்தான் வண்டி. மாதம் கைக்கு வருவது 16,000, அதில் பெட்ரோலுக்கே 2,500 போய்விடுகிறது. காரில் வருகிறவரும் நானும் லிட்டருக்கு ஒரே வரிதானே கட்டுகிறோம்? இது எந்த ஊர் நியாயம்?

ஒரு வாசகர், சேலம்

அன்புள்ள தம்பி,

நான் எழுதியது பொய்யில்லை, ஆனால் பாதிதான். வண்டியே இல்லாதவர்களையும் கார் வைத்திருப்பவர்களையும் பார்த்தேன். நடுவில் எக்ஸ்எல்லில் போகிற உங்களை விட்டுவிட்டேன்.

2022 மே மாதம் கலால் வரியைக் குறைத்த பிறகும், நூறு ரூபாய் பெட்ரோலில் சுமார் 40 ரூபாய் மத்திய, மாநில வரிகள்தான். உங்கள் 2,500-இல் ஆயிரம் ரூபாய் வரி. வருமானத்தில் ஆறு சதவீதத்துக்கு மேல். என் வீட்டுக்கு மாதம் ஒரு லட்சம் வருகிறது, காருக்கு 5,000 ரூபாய்க்குப் பெட்ரோல் போடுகிறேன். வரி 2,000. அதாவது இரண்டே சதவீதம். தொகையில் நான் அதிகம் கட்டுகிறேன், வலி உங்களுக்குத்தான் அதிகம்.

கோரிமேடு பக்கம் ஒரு பங்க்கில் வரிசையில் நின்றபோது கவனித்தேன். கார்காரர்கள் "ஃபுல் பண்ணுங்க" என்கிறார்கள். உங்களைப் போன்றவர்கள் "நூறுக்குப் போடுங்க" என்கிறார்கள். விலை ஏறினால் எனக்குப் பில் ஏறும், உங்களுக்குப் பெட்ரோல் குறையும். அது பங்க்கில் தெரியாது. மலையில் ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி இருமும்போதுதான் தெரியும்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது வரி இருப்பதில் இல்லை, அதை ஏற்றிய விதத்தில். 2014 நவம்பரிலிருந்து 2016 ஜனவரி வரை கச்சா எண்ணெய் சரிந்துகொண்டே வந்தது. அந்தப் பதினைந்து மாதத்தில் மத்திய கலால் வரியை ஒன்பது முறை ஏற்றினார்கள். 2020 மே மாதம், ஊரடங்கில் ஊரே வேலையில்லாமல் கிடந்தபோது, பெட்ரோலுக்கு ஒரே நாளில் பத்து ரூபாய், டீசலுக்குப் பதின்மூன்று. அதே மாதம் நம் மாநிலமும் தன் பங்குக்கு மூன்றே கால் ரூபாய் ஏற்றியது. கச்சா எண்ணெய் விலை ஏறினால் உங்கள் தலையில், இறங்கினால் அரசாங்கக் கணக்கில்.

சரி, அப்படியானால் வரியைக் குறைத்துவிடலாமா? 2021 ஆகஸ்டில் தமிழக அரசு லிட்டருக்கு மூன்று ரூபாய் குறைத்தது. ஆண்டுக்கு 1,160 கோடி இழப்பு என்றார்கள். உங்களுக்கு மாதம் 25 லிட்டர் ஆகும், மிச்சம் 75 ரூபாய். எனக்கு 150. ஏழைக்கு என்று சொல்லிக் கொடுத்ததில் எனக்கு இரண்டு பங்கு! மலையில் காபி எஸ்டேட்டில் கூலி வேலை செய்யும், வண்டியே இல்லாத ஓர் அம்மாவுக்கு நேரடியாக ஒரு பைசாவும் இல்லை. அவர் கட்டுகிற வரி கீழேயிருந்து டெம்போவில் ஏறி வருகிற தக்காளி விலைக்குள் ஒளிந்திருக்கிறது. அது டீசல் வரி, பெட்ரோலைக் குறைத்தால் அதில் எதுவும் மாறாது.

அதனால் குறைப்பதைவிடத் திருப்பித் தருவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. 2018 ஜனவரியில் ஏற்றிய அரசு பஸ் கட்டணத்தை, டீசல் எகிறியபோதும் பல ஆண்டுகள் தொடாமல் வைத்திருந்தார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இதெல்லாம் ஒரு வகையில் வரிப்பணம் திரும்பி வருவதுதான். ஆனால் உங்கள் வீட்டம்மாவுக்கு வந்தது உங்களுக்கு வரவில்லை. பைப் ரெஞ்சும் சாமான் பையுமாக வேலை நேரத்துக்கு மேலே போய்ச் சேர்வதற்கு ஒரு பஸ் வேண்டும், ஏற்காட்டைத் தாண்டி உள்ளே இருக்கிற கிராமங்கள் வரைக்கும். அதைக் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன்.

அப்புறம் இன்னொன்று. போன மாதம் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது, எனக்கு முன்னால் ஒருவர் பெட்ரோலை மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்துவிட்டு எக்ஸ்எல்லில் உருண்டுகொண்டிருந்தார். பின்னால் கேரியரில் ஒரு மூட்டை. பிரேக் தீய்ந்த வாசனை என் கார் வரைக்கும் வந்தது. அது நீங்கள் இல்லை என்று நம்புகிறேன். நீங்களாக இருந்தால் வேண்டாம் தம்பி, அதில் மிஞ்சுவது பத்து ரூபாய்கூட இருக்காது.