டிஜிட்டல் ஃபில்டர் (சிக்னலில் வேண்டாத அதிர்வெண்களை நீக்கும் கணக்கு) டிசைனில் இனி ஆராய்ச்சி செய்ய என்ன மிச்சம்? அதை நம்பி பிஎச்.டி.க்குப் போகலாமா?

போகலாம். ஆனால் "புது டிசைன் முறை கண்டுபிடிக்கப் போகிறேன்" என்ற ஒன்றை மட்டும் நம்பிப் போகாதீர்கள். லீனியர் ஃபேஸ் (எல்லா அதிர்வெண்ணையும் ஒரே அளவு தாமதிக்கும்) எஃப்.ஐ.ஆர். ஃபில்டரில் (உள்ளீட்டின் கடைசிக் குறிப்பிட்ட எண்ணிக்கை சாம்பிள்களை மட்டும் வைத்துக் கணக்கிடுவது) உச்சபட்சப் பிழையை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைக்கும் வழியை பார்க்ஸும் மெக்லெல்லனும் 1972-லேயே தந்துவிட்டார்கள். அதற்கு மேல் நல்ல விடை கிடையாது என்பதற்குக் கணித நிரூபணமும் உண்டு. இருந்தும் ஜெனடிக் அல்காரிதம், பார்ட்டிகிள் ஸ்வார்ம் என்று ஏதாவது தேடல் முறையை வைத்து அதே ஃபில்டரை மறுபடி டிசைன் செய்யும் கட்டுரைகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. அதே அளவுகோலில் அவை ஜெயிக்க வழியே இல்லை. ஜெயித்ததாக வரைபடம் காட்டினால், டேப் (ஃபில்டரின் பெருக்கல் எண்கள்) எண்ணிக்கையோ டிரான்சிஷன் பேண்டோ (கடத்தும் பகுதிக்கும் தடுக்கும் பகுதிக்கும் நடுவிலுள்ள இடைவெளி) இரண்டு பக்கமும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

நிஜமான வேலை கருவியின் கட்டுப்பாடுகளில் இருக்கிறது. இ.சி.ஜி. சிக்னலை எடுத்துக்கொள்வோம். சாம்பிளிங் 500 ஹெர்ட்ஸ். மூச்சு விடுவதால் வரும் பேஸ்லைன் ஆட்டத்தை நீக்க 0.5 ஹெர்ட்ஸில் ஹைபாஸ் (அதற்குக் கீழுள்ளதைத் தடுக்கும் ஃபில்டர்) வேண்டும். டிரான்சிஷன் பேண்ட் 0.5 ஹெர்ட்ஸ், தணிப்பு 40 டெசிபல் என்றால் எஃப்.ஐ.ஆருக்குச் சுமார் 1,800 டேப் ஆகும். தாமதம் அதில் பாதி, அதாவது 1.8 விநாடி. பதிவு செய்து வைத்ததை ஆராய இது போதும். படுக்கையருகே ஓடும் மானிட்டருக்கு ஆகாது.

சரி, இரண்டாம் ஆர்டர் பட்டர்வொர்த் ஐ.ஐ.ஆர். (பழைய வெளியீட்டையும் கணக்கில் சேர்க்கும் சிறிய ஃபில்டர்) போடலாமே? மேட்லேப் மென்பொருளில் அழகாக ஓடும். ஃபில்டரைப் பின்னமாக எழுதினால் அதன் பகுதியில் (கீழ்ப்பக்கம்) வரும் கெழுக்கள் 1, −1.991114, 0.991154. மூன்றையும் முழுத் துல்லியத்தில் கூட்டினால் 0.0000393. துருவத்தின் (பகுதி பூஜ்யமாகும் புள்ளி) அதிர்வெண்ணைத் தீர்மானிப்பது இந்தக் குட்டி எண்தான். 16 பிட்டில், ±2 வரம்பில் எழுதினால் ஒரு படியே 0.000061, தேவையான எண் ஒரு படியைவிடச் சின்னது! ரவுண்ட் செய்தால் கெழுக்கள் 16384, −32622, 16239 ஆகும். கூட்டுத்தொகை 1, அதாவது ஒரு படி. துருவம் 0.5-லிருந்து 0.62 ஹெர்ட்ஸுக்கு நகர்ந்துவிடும், டேம்பிங்கும் (ஆட்டத்தை அடக்கும் அளவு) 0.71-லிருந்து 0.57-க்கு இறங்கும். ரவுண்ட் செய்யாமல் கீழ்நோக்கி வெட்டினால் −32623 வரும், கூட்டுத்தொகை பூஜ்யம். ஒரு துருவம் நேராக யூனிட் வட்டத்தின் (நிலைத்தன்மையின் எல்லை) மேல் போய் உட்காரும். கணக்கின் சிறு பிழைகள் சேர்ந்து சேர்ந்து வெளியீடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போகும். சிமுலேஷனில் டபுள் பிரிசிஷன் (64 பிட்) மட்டும் ஓட்டிப் பார்த்தவருக்கு இது கண்ணிலேயே படாது.

வழிகள் உண்டு. கெழுவையும் ஸ்டேட்டையும் (ஃபில்டர் நினைவில் வைக்கும் மதிப்புகள்) 32 பிட்டில் வைக்கலாம், வெட்டிய மிச்சத்தை அடுத்த சாம்பிளில் சேர்க்கலாம். அல்லது சாம்பிளிங்கை 25 ஹெர்ட்ஸுக்கு இறக்கி, பேஸ்லைனை மட்டும் அங்கே மதிப்பிட்டு, திரும்ப ஏற்றி மூலச் சிக்னலில் கழிக்கலாம். அந்தக் குட்டி எண் 300 மடங்குக்கு மேல் பெரிதாகும், ஆனால் இறக்கவும் ஏற்றவும் போடும் ஃபில்டர்கள் தாமதத்தைக் கூட்டும். பேட்டரி, தாமதம், பிட் அகலம் இவற்றில் எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பது ஒவ்வொரு கருவிக்கும் மாறும். காது கேட்கும் கருவி, ரேடார், மோட்டார் கன்ட்ரோல் என எங்கு போனாலும் இந்தப் பேரம் வரும். ஆய்வுத் தலைப்பை இங்கே தேடுங்கள்.

சேருவதற்கு முன் லீனியர் அல்ஜீப்ராவும் ப்ராபபிலிட்டியும் கைவசம் இருக்கட்டும். ரெமெஸ் அல்காரிதத்தை (பார்க்ஸ், மெக்லெல்லன் முறையின் அடிப்படை) லைப்ரரி இல்லாமல் ஒரு முறை எழுதிப் பாருங்கள், பிழை வளைவின் உச்சிகள் சம உயரத்தில் வந்து நிற்கும் வரை. எட்டாம் ஆர்டர் ஐ.ஐ.ஆர். ஒன்றை ஒரே துண்டாகவும் நான்கு பைகுவாடாகவும் (இரண்டாம் ஆர்டர் துண்டுகள்) ஃபிக்சட் பாயிண்டில் (மேலே பார்த்தது போல் குறிப்பிட்ட பிட்டில் அடங்கும் கணக்கு) ஓட்டினால், துண்டு போடுவது ஏன் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது. கைடிடம் கேட்க வேண்டியது: லேபில் அளந்து பார்க்க போர்டு இருக்கிறதா, நிஜ டேட்டா கிடைக்குமா? இரண்டுக்கும் இல்லை என்று வந்தால் வேறு லேப் பாருங்கள்.