பிடித்த மீனைத் திருப்பி விடுவோருக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பாலாற்றுப் பக்கத்து ஏரிகளில் தண்ணீர் குறையத் தொடங்கினால் கரைகளில் தூண்டில்காரர்களின் கூட்டம் கூடிவிடும். அதையொட்டி எனக்கு வரும் கடிதங்களும் கூடிவிடும். அவற்றில் உண்பதற்காக அல்லாமல் பொழுதுபோக்காகப் பிடித்துவிட்டுத் திரும்ப நீரிலேயே விடுவதைப் பற்றியவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். குழம்புக்காக மீன் பிடிப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் விடுவது என்று முடிவெடுத்தால், அந்த முடிவைத் தூண்டிலை நீரில் போடுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும் என்பதுதான் கீழேயுள்ள பதில்கள் பலவற்றுக்கும் அடிப்படை.

பிடித்த கட்லாவைப் படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுகிறேன். எவ்வளவு நேரம் அது வெளியில் இருக்கலாம்? (காட்பாடி)

பத்து விநாடிக்குள் முடித்துவிடுவது நல்லது. அரை நிமிடத்தைத் தாண்டவே கூடாது. மீனின் செவுளில் உள்ள மெல்லிய இழைகளை விரித்து வைத்திருப்பது தண்ணீர்தான். நீரிலிருந்து எடுத்தவுடன் அவை நனைந்த தாள்களைப் போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால், சுற்றிலும் காற்று இருந்தும் மீனால் மூச்சு வாங்க முடிவதில்லை. அதிலும் அது சற்று முன்புவரை உங்கள் தூண்டில் நரம்போடு (நைலான் இழையோடு) போராடிக் களைத்திருக்கும் உயிர் என்பதை மறக்கக் கூடாது. கனடாவில் டிரவுட் மீன்களை வைத்து நடத்தப்பட்டு 1992இல் வெளியான ஆய்வொன்றில், விரட்டிக் களைப்படையச் செய்த பின் காற்றில் வைக்காமல் விடப்பட்ட மீன்களில் நூற்றுக்கு 88 பிழைத்தன. அரை நிமிடம் காற்றில் வைக்கப்பட்டவற்றில் 62 பிழைத்தன. ஒரு நிமிடம் வைக்கப்பட்டவற்றில் 28 மட்டுமே பிழைத்தன. அது குளிர்நீர் மீன், நம் கட்லா வெதுவெதுப்பான நீரில் வளர்வது என்பதால் இந்தக் கணக்கை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆயினும், நீந்திப் போய்விட்டது என்று நாம் நிம்மதியாக வீடு திரும்பிய பிறகு மீன் செத்து மிதக்கக்கூடும் என்பதை அந்த ஆய்வு தெளிவாகக் காட்டுகிறது.

ஆகவே கைப்பேசியைத் தயாராக வைத்துக்கொண்ட பிறகுதான் மீனைத் தூக்க வேண்டும். அதுவரை அது கைவலைக்குள், தண்ணீரிலேயே இருக்கட்டும். கைவலை முடிச்சில்லாததாகவோ ரப்பர் பூசியதாகவோ இருந்தால் செதில் உதிராது. தொடுவதற்கு முன் இரு கைகளையும் நனைத்துக்கொள்ளுங்கள். துணியால் பிடிப்பதும், உலர்ந்த கையால் இறுக்குவதும் மீனின் உடல்மேல் உள்ள வழவழப்பான படலத்தை வழித்தெடுத்துவிடும். நோய்க்கிருமிகள் உள்ளே நுழையாதபடி தடுப்பது அந்தப் படலம்தான். நம் ஊர் ஏரிக்கரைகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. கரையின் உட்புறம் அடுக்கியிருக்கும் கருங்கற்கள் பத்து மணி வெயிலுக்கே கால் வைக்க முடியாதபடி சுட்டுவிடும். அப்படிப்பட்ட கல்லின்மேல் மீனைக் கிடத்திப் படம் எடுத்தால், தூக்கும்போது கல்லில் வழவழப்பும் இரண்டு மூன்று செதில்களும் ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். குனிந்து உட்கார்ந்து, ஒரு கை வாலடியிலும் மற்றொரு கை வயிற்றின் கீழுமாக, நீர்மட்டத்துக்கு ஒரு சாண் உயரத்தில் கிடைமட்டமாகப் பிடித்தாலே நல்ல படம் கிடைக்கும். கனமான கட்லாவைத் தாடையில் அல்லது செவுளில் கொக்கி மாட்டித் தராசில் தொங்கவிடுவதை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் செய்யாதீர்கள். எடை பார்த்தே தீர வேண்டுமென்றால் நனைத்த துணித்தொட்டிலில் வைத்து நிறுத்துவிட்டு, தொட்டிலின் எடையைக் கழித்துக்கொள்ளலாம்.

மண்புழு போட்டால் மீன் தூண்டில் முள்ளை வயிறுவரை விழுங்கிவிடுகிறது. எப்படி எடுப்பது? (குடியாத்தம்)

எடுக்கக் கூடாது என்பதே பதில். தொண்டைக்குக் கீழே போன முள்ளைக் குறடு விட்டுத் திருகி எடுப்பவர்கள் பெரும்பாலும் செவுளையோ குடலையோ கிழித்துவிடுகிறார்கள். நரம்பை முள்ளுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் வெட்டிவிட்டு மீனை விட்டுவிடுவதே மேல். பல மீன்கள் நாளடைவில் அந்த முள்ளை வெளித்தள்ளிவிடுகின்றன, அல்லது முள்ளே துருப்பிடித்துக் கரைகிறது. துருப்பிடிக்காத எஃகு முள்ளுக்கு இந்த வாய்ப்பு குறைவு என்பதால் சாதாரண இரும்பு முள்ளையே வாங்குங்கள். செவுளிலிருந்து ரத்தம் கொட்டும் மீன் பிழைப்பது அரிது. உண்ணத்தக்க மீனாக இருந்து, பிடிக்க அனுமதியும் இருந்தால், அதைத் தலையில் ஒரே அடியாக அடித்து வீட்டுக்கு எடுத்துச் செல்வதில் குற்றமில்லை. செத்துக்கொண்டிருப்பதைத் தண்ணீரில் போட்டுவிட்டு உயிர் கொடுத்ததாக நினைப்பதைக் காட்டிலும் அது நேர்மையானது.

விழுங்காமல் தடுப்பதில்தான் திறமை இருக்கிறது. தூண்டிலைக் கரையில் குத்தி வைத்துவிட்டு டீக்கடைக்குப் போவதை முதலில் நிறுத்த வேண்டும். தக்கை ஆடிய உடனே நரம்பைத் தளரவிடாமல் இழுத்தால் முள் உதட்டிலேயே மாட்டும். முள்ளின் கூர்முனைக்குச் சற்றுக் கீழே எதிர்ப்புறமாக நீட்டிக்கொண்டிருக்கும் சிறிய முள்ளைக் குறட்டால் அழுத்தி, விரலால் தடவினால் தட்டுப்படாத அளவுக்குச் சப்பையாக்கிவிடுங்கள். அதன்பின் முள் குத்திய வழியிலேயே, தண்ணீருக்குள் வைத்தபடியே, ஒரு திருப்பில் கழன்றுவிடும். நரம்பை எப்போதும் விறைப்பாக வைத்திருந்தால் இதனால் மீன் நழுவுவது நீங்கள் அஞ்சும் அளவுக்கு இருக்காது. இந்த முள் நம் விரலில் ஏறும் நாளிலும் இதன் அருமை தெரியும்.

விரால் குஞ்சுக் கூட்டத்துக்கு நடுவே தவளை இரை போட்டால் பெரிய விரால் உறுதியாக மாட்டும் என்கிறார்கள். பிடித்துவிட்டு விட்டுவிட்டால் தவறில்லை அல்லவா? (காவேரிப்பாக்கம்)

தவறுதான். ஏரியின் ஓரப் புல்லுக்கு நடுவே, செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஒரே பந்தாகத் திரண்டு, மூச்சு வாங்க மேலே வருவதும் கீழே இறங்குவதுமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் அடியில் தாய் தந்தை விரால்கள் காவல் இருக்கின்றன. அவை உங்கள் இரையைத் தாக்குவது பசியால் அல்ல, குஞ்சை விரட்ட வந்த எதிரி என்று எண்ணித்தான். அந்த ஒரு விராலை நீங்கள் கரைக்கு இழுத்து, முள் கழற்றி, படம் எடுத்து விடுவதற்குள் கெண்டையும் கெளுத்தியும் நீர்க்காகமும் அந்தப் பந்தைக் கலைத்துத் தின்றுவிடலாம். குஞ்சுக் கூட்டம் கண்ணில் பட்டால் வேறு இடம் பார்த்துப் போவதே தூண்டில்காரருக்கு அழகு.

விரால் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனெனில் விவரம் தெரிந்தவர்களே இதில் தவறிவிடுகிறார்கள். வளர்ந்த விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. அது மேலே வந்து காற்றை விழுங்கியே ஆக வேண்டும். பிடித்த விராலை மாலையில் விடலாம் என்று வலைப்பையில் கட்டி, கல் வைத்து முழுவதுமாக நீருக்குள் அமிழ்த்தி வைத்தால், அது தண்ணீரிலேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். குறவைக்கும் இதுவே பொருந்தும். வைத்திருந்தே ஆக வேண்டுமென்றால் பையின் மேற்பகுதி நீர்மட்டத்துக்கு வெளியே இருக்கும்படி கட்டுங்கள். காற்றில் சற்று நேரம் தாங்கும் என்பதால் விராலை வெயிலில் புரட்டலாம் என்றும் பொருளில்லை. தோல் காய்ந்தால் அதற்கும் கேடுதான்.

மீனுக்கு நல்லது எந்த நேரம், விடியற்காலையா மாலையா? (அணைக்கட்டு)

வெயில் குறைந்த நேரம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால், 30 பாகையில் ஏழரைதான் கரையும். ஆகவே சித்திரை, வைகாசி நண்பகலில் பிடித்த மீன் தேறுவது கடினம். ஆனால் பாசி படிந்து பச்சையாக இருக்கும் ஏரியில், இரவு முழுவதும் பாசியே ஆக்சிஜனைச் செலவழித்துவிடுவதால், விடியும் நேரத்தில்தான் அது மிகக் குறைவாக இருக்கும். மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேல்மட்டத்தில் மிதந்தால் அன்று தூண்டிலை எடுக்கவே வேண்டாம். அத்தகைய ஏரிகளில் சூரியன் ஏறி ஒன்றிரண்டு மணி நேரம் ஆனபின் தொடங்கி, கல் சுடுவதற்கு முன் முடித்துக்கொள்வது உத்தமம். மோர்தானா போன்ற அணைநீர் தெளிவாக இருக்கும் காலங்களில் விடியற்காலையிலும் பிடிக்கலாம்.

களைத்த மீனை வாலைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் தெளியுமா? (ஆம்பூர்)

முன்னே தள்ளுவதில் பயன் உண்டு, பின்னே இழுப்பதில் இல்லை. நீர் வாய் வழியே நுழைந்து செவுள் வழியே வெளியேற வேண்டும். தேங்கிய நீரில் மீனை நிமிர்த்திப் பிடித்து, மெல்ல வளைவாக முன்னோக்கி மட்டும் நடத்துங்கள்; ஓடுநீரில் தலையை நீரோட்டத்தை நோக்கி வைத்தால் போதும். அது வாலை உதறித் தானாக உங்கள் கையைவிட்டுப் போக வேண்டும். கரையிலிருந்து வீசி எறிவதை விடுவது என்று சொல்ல முடியாது.

கடையில் உயிரோடு விற்கும் கெளுத்தியை வாங்கிப் பரிகாரமாகக் கோயில் குளத்தில் விடச் சொல்லியிருக்கிறார்கள். விடலாமா? (ஆற்காடு)

தயவுசெய்து விடாதீர்கள். சந்தையில் பிளாஸ்டிக் தொட்டியில் கறுப்பாக நெளியும் பெரிய கெளுத்திகளில் பல ஆப்பிரிக்கக் கெளுத்திகள். அவற்றை வளர்ப்பதற்கு மத்திய அரசு தடை விதித்திருக்கிறது. காரணம், அவை கண்டதையெல்லாம் தின்பவை, காற்றையும் சுவாசிப்பவை, மழைநாளில் ஈரத்தரையில் ஊர்ந்து அடுத்த நீர்நிலைக்கும் போகக்கூடியவை. ஓர் உயிரைக் காக்கிறோம் என்று விடப்படும் அந்த மீன், குளத்தில் உள்ள அயிரை, கெண்டைக் குஞ்சு, தவளை என்று எத்தனையோ உயிர்களுக்கு எமனாகிவிடும். வீட்டுத் தொட்டியில் பெரிதாகிவிட்ட கண்ணாடித் துப்புரவு மீனைக் குளத்தில் விடுவதும் இதே வகைதான். நேர்த்திக்கடன் தீர வேண்டுமானால் குளத்து மீன்களுக்குக் கொஞ்சம் பொரி போடுங்கள். அதையும் அளவாகப் போடுங்கள்.

சிறிய ஜிலேபி மீன் (திலாப்பியா) மாட்டினால் வளரட்டும் என்று விடுகிறேன். சரியா? (வாலாஜா)

இந்த ஒரு மீனுக்கு அந்த இரக்கம் வேண்டாம். 1952இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி, முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காத்து, ஆண்டுக்குப் பலமுறை பெருகி, நாட்டுக் கெண்டைகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. விரல் நீள ஜிலேபியும் வறுவலுக்கு ஆகும்.

முள் கழற்றும்போது கெளுத்தி குத்திவிட்டது. கடுகடுவென்று வலிக்கிறது. (திமிரி)

கெளுத்தியின் முதுகில் ஒன்றும், செவுளுக்குப் பின்னால் இருபுறமும் ஒவ்வொன்றுமாக முள் உண்டு. கெளுத்தி வகையைச் சேர்ந்த தேளி மீனின் முள்ளில் நஞ்சும் உண்டு. குத்திய இடத்தைக் கழுவி, பொறுக்கக்கூடிய சூட்டில், அதாவது ஏறத்தாழ 45 பாகை வெந்நீரில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். வலியில் சூடு தெரியாமல் கை வெந்துவிடக்கூடும் என்பதால், நீரின் சூட்டை மற்றொரு கையால் பார்த்துக்கொள்ளுங்கள். முள் உள்ளே ஒடிந்திருந்தாலோ வீக்கம் ஏறினாலோ மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். டெட்டனஸ் தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். அடுத்த முறை கெளுத்தியைக் கையில் எடுக்காமல், நீருக்குள்ளேயே நீண்ட குறட்டால் முள்ளைக் கழற்றுங்கள்.

மார்கழியில் பிடித்த விராலின் உடம்பில் சிவந்த புண் இருந்தது. விட்டது சரியா? (சோளிங்கர்)

மழைக்குப் பின் நீர் குளிரும் மாதங்களில் விரால், குறவை, கெண்டை ஆகியவற்றைத் தாக்கும் புண் நோய் ஒன்று உண்டு. பூஞ்சை போன்ற ஒரு நுண்ணுயிரால் வருவது. அது இந்தியாவில் 1988இல் முதன்முதலாகக் காணப்பட்டது. நீங்கள் பார்த்தது அதுதானா என்பதைச் சோதனையில்தான் உறுதி செய்ய முடியும். பிடித்த இடத்திலேயே விட்டது சரி. அதை வேறு ஏரிக்குக் கொண்டுபோயிருந்தால் பெருந்தவறாகியிருக்கும். வலையையும் தூண்டிலையும் கழுவி, நல்ல வெயிலில் முழுக்கக் காய வைத்த பிறகே அடுத்த ஏரிக்கு எடுத்துச் செல்லுங்கள். புண்ணுள்ள மீன்கள் நிறையத் தென்பட்டால் மீன்வளத் துறை அலுவலகத்தில் தெரிவியுங்கள்.

ஏரி குத்தகைக்கு விடப்பட்டிருக்கிறது. நான் பிடித்து விட்டுவிடுகிறவன்தானே, அனுமதி வேண்டுமா? (இராணிப்பேட்டை)

வேண்டும். அங்குள்ள கட்லாவும் ரோகுவும் குத்தகைதாரர் காசு கொடுத்து வாங்கி ஏரியில் விட்ட குஞ்சுகள். அவை ஓடும் ஆற்றில் இனம்பெருக்குபவை, தேங்கிய ஏரியில் தாமாகப் பெருகுவதில்லை.

பாலாற்றில் வெள்ளம் வடிந்தபின் குட்டைகளில் மீன்கள் சிக்கிக்கொள்கின்றன. எடுத்து வேறிடத்தில் விடலாமா? (பள்ளிகொண்டா)

2021 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இந்தக் கேள்வி பலரிடமிருந்தும் வந்தது. விடலாம், ஆனால் அதே ஆற்றில், நீர் தங்கக்கூடிய ஆழமான மடுவில் விடுங்கள், தொலைவிலுள்ள ஏரிக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வெயில் தாழ்ந்த பின், வாயகன்ற பாத்திரத்தில் அந்தக் குட்டைத் தண்ணீரையே பாதி நிரப்பி, சில மீன்களை மட்டும் எடுத்துப் பலமுறை நடப்பதே முறை. ஒரே வாளியில் திணித்தால் பாதி வழியிலேயே பல செத்துவிடும். மடுவுக்கு வந்ததும் கவிழ்த்துவிடாமல், அதன் நீரைச் சிறிது சிறிதாகக் கால் மணி நேரம் பாத்திரத்தில் கலந்து, சூடு சமமான பிறகு பாத்திரத்தை நீருக்குள் சாய்த்துப் பிடித்தால் மீன்கள் தாமே வெளியேறும். ஜிலேபியையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் அங்கேயே பிரித்தெடுத்துவிடுங்கள். குட்டை இன்னும் இரண்டு மூன்று வாரம் தாங்கும் என்று தோன்றி, அடுத்த மழைக்கும் வாய்ப்பிருந்தால், அயிரை போன்ற சின்ன மீன்களைத் தொடாமல் விட்டுவிடலாம். கலக்கிப் பிடிக்கும்போது எழும் சேறே அவற்றின் செவுளை அடைத்துவிடும்.