பம்பிங் நன்றாக இருந்தும் மூச்சு வாங்குவது ஏன்?

கேள்வி: என் தந்தைக்கு 58 வயதில் மாரடைப்பு வந்து, பம்பிங் 25 சதவீதத்துக்கு இறங்கியது, அதன் பிறகுதான் இதயச் செயலிழப்பு என்றார்கள். இப்போது 69 வயதாகும் என் தாயார் பத்துப் படி ஏறினாலே மூச்சு வாங்குகிறார். ஓராண்டில் மூன்று முறை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. எக்கோ என்னும் இதய ஸ்கேனில் பம்பிங் 60 சதவீதம். ஆனாலும் இதயச் செயலிழப்பு முற்றிவிட்டது என்கிறார் மருத்துவர். இது எப்படி?
– ஒரு வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: இடது கீழறையில் நிரம்பிய இரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை பங்கு வெளியேறுகிறது என்ற கணக்கைத்தான் பம்பிங் என்று நாம் சொல்கிறோம். அந்த அறை போதுமான அளவு நிரம்பியதா, நிரம்புவதற்கு எவ்வளவு அழுத்தம் தேவைப்பட்டது என்பதை அந்த எண் சொல்வதில்லை. உங்கள் தந்தைக்கு மாரடைப்பில் தசை செத்து, இதயம் விரிந்து தளர்ந்தது. ஆண்களிடம் அதிகம் காணப்படும் வகை அது. உங்கள் தாயாருடைய இதயம் நன்றாகச் சுருங்குகிறது, ஆனால் விறைத்துப்போனதால் சரியாகத் தளர்ந்து விரிய மறுக்கிறது. அதனால் உள்ளே வர வேண்டிய இரத்தம் பின்னால் தேங்கி, நுரையீரலில் அழுத்தம் ஏறி, மூச்சு முட்டுகிறது. பல ஆண்டு இரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய், உடல் பருமன் ஆகியவற்றின் விளைவாக, மாதவிடாய் நின்ற பெண்களிடம் இந்த இரண்டாவது வகை கூடுதலாகக் காணப்படுகிறது. பெண்களின் இதய அறை இயல்பிலேயே சிறியது. பம்பிங் எண்ணும் ஆண்களைவிடச் சற்று உயர்ந்தே இருக்கும். ஆகவே அந்த எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடைவது பெண்கள் விஷயத்தில் அதிகம் ஏமாற்றும்.

2013இல் திருவனந்தபுரம் மாவட்ட மருத்துவமனைகளில் இதயச் செயலிழப்புடன் சேர்ந்த 1,205 பேரைப் பதிவு செய்தார்கள். அவர்களில் பெண்கள் 31 சதவீதம் மட்டுமே. நோய் பெண்களுக்குக் குறைவு என்று இதற்குப் பொருள் கொள்ள எனக்கு மனம் வரவில்லை. 'வயதாகிவிட்டது', 'இரத்த சோகையாக இருக்கும்' என்று வீட்டிலேயே முடிவு கட்டப்பட்டவர்கள் அந்தப் பதிவேட்டில் எப்படி இடம்பெறுவார்கள்? பொதுவாக, இந்த நோயுள்ள பெண்கள் ஆண்களைவிடச் சற்று அதிக காலம் உயிர் வாழ்கிறார்கள். ஆனால் அந்தக் காலத்தைக் கூடுதலான மூச்சிரைப்புடனும் களைப்புடனும் மனச்சோர்வுடனும் கழிக்கிறார்கள்.

மருந்திலும் வேறுபாடு உண்டு. சர்க்கரை நோய்க்காக வந்த எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் ஆகியவை உங்கள் தாயாருக்கு இருக்கும் வகைக்கும் பயன் தருகின்றன. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வருவது பெண்களுக்கு அதிகம் என்பதால், அரிப்பு இருந்தால் கூச்சப்படாமல் சொல்லச் சொல்லுங்கள். டிஜாக்சின் என்னும் பழைய இதய மருந்து கொடுக்கப்பட்ட பெண்களிடம் இறப்பு கூடியிருந்ததை 2002இல் வெளியான ஒரு மறு ஆய்வு காட்டியது. பம்பிங் குறைந்த பெண்களுக்குச் சில மருந்துகள் பாதி அளவிலேயே முழுப் பலன் தரக்கூடும் என்று 2019இல் ஓர் ஐரோப்பிய ஆய்வு சொன்னது. பெரும்பாலான மருந்துச் சோதனைகளில் பெண்கள் நாலில் ஒரு பங்கு அளவே இருந்திருக்கிறார்கள் என்பதால், இப்படிப்பட்டவை தாமதமாகத் தெரிய வருவதில் வியப்பில்லை. இதைப் படித்துவிட்டு நீங்களாக மாத்திரையைப் பாதியாக உடைத்துவிட வேண்டாம். மருத்துவரிடம் கேட்பதற்கு உரிய கேள்வி இது.

கேள்வி: இரண்டாவது பிரசவத்துக்குப் பின் என் மனைவிக்கு (வயது 33) இதயம் பலவீனமானது. இரண்டு ஆண்டுகள் ஆகியும் பம்பிங் 20 சதவீதத்தைத் தாண்டவில்லை. மாற்று இதயத்துக்குப் பதிவு செய்திருக்கிறோம். இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் அதிகம், பொருத்தமான இதயம் கிடைக்கத் தாமதமாகும் என்கிறார்கள். ஏன்?
– ஒரு வாசகர், தாம்பரம், சென்னை

பதில்: பிரசவத்தை ஒட்டி வரும் இதயத் தசை நோய் அது. கர்ப்பத்தின் கடைசி மாதத்திலிருந்து பிரசவத்துக்குப் பின் ஐந்து மாதங்கள் வரை தலைகாட்டும். பலருக்கு ஆறேழு மாதங்களில் இதயம் தேறிவிடும், சிலருக்குத் தேறுவதில்லை. கருவுற்றிருந்தபோது குழந்தை வழியாக உங்களுடைய திசுக் கூறுகளை உங்கள் மனைவியின் உடல் சந்தித்து, அவற்றுக்கு எதிரான எதிர்ப்பொருள்களை உருவாக்கி வைத்திருக்கிறது. அதே கூறுகள் கொண்ட இதயத்தைப் பொருத்தினால் உடல் உடனே தாக்கும். எனவே கொடையாளர்களில் பலர் ஒதுக்கப்படுகிறார்கள். குழந்தை பெற்ற பெண்களிடம் அதிகம் காணப்படும் இந்தத் தடையைக் குறைக்கச் சிகிச்சைகள் இருக்கின்றன, மாற்று அறுவை சிகிச்சைக் குழுவிடம் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பகிரும் திட்டம் 2008இல் தொடங்கியது. இதய மாற்று அறுவை சிகிச்சை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் இடம்பெற்றுள்ளது. காத்திருக்கும் காலத்தில் இதயத்துக்குத் துணையாகப் பொருத்தப்படும் எல்-வாட் என்னும் இயந்திர பம்ப் பற்றியும் பேசுங்கள். முன்பு வயிற்றறையில் வைக்கப்பட்ட பெரிய பம்புகள் சிறிய உடல்வாகுள்ள பெண்களுக்குப் பொருந்தவில்லை. இன்றையவை மார்புக்குள்ளேயே அடங்கும். பெண்களுக்குப் பக்கவாத ஆபத்து சற்று அதிகம் என்பதையும், விலை மிக அதிகம் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. இன்னொரு கர்ப்பம் கூடாது.

கேள்வி: நானே இதயச் செயலிழப்பு நோயாளி, நானே சமையல். உப்பைக் குறைத்தால் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. பொட்டாசியம் கலந்த உப்பு வாங்கலாமா?
– ஒரு வாசகி, மயிலாப்பூர், சென்னை

பதில்: வாங்காதீர்கள். இதயச் செயலிழப்புக்குத் தரப்படும் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரையுடன் அந்த உப்பும் தினசரி இளநீரும் சேர்ந்தால், பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தடுமாறலாம். கணவர் நோயாளியானால் குழம்பில் மொத்தமாக உப்பு குறைகிறது. மனைவி நோயாளியானால் அவர் தனியே ஒரு கிண்ணம் எடுத்து வைத்துக்கொள்கிறார், பல வீடுகளில் நான் பார்ப்பது இதுதான். குறைத்துச் சமையுங்கள், வேண்டுபவர்கள் தட்டில் போட்டுக்கொள்ளட்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு உங்களுக்கு வேண்டாம். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின் எடை பார்த்துக் காலண்டரில் குறியுங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால், அடுத்த சந்திப்புத் தேதிவரை காத்திராமல் அன்றே மருத்துவரை அழையுங்கள்.