ராயல் சல்யூட் குடுவையைத் திறப்பதற்கு முன்

கேள்வி: அப்பா 30 வருடத்துக்கு முன் விமான நிலையத்தில் வாங்கிய ராயல் சல்யூட் 21 வருட ஸ்காட்ச் விஸ்கி, நீலப் பீங்கான் குடுவை, இன்னும் பிரிக்கவில்லை. இப்போது அதற்கு 51 வயதா? எப்படித் திறப்பது? ஐஸ் போடலாமா?

51 இல்லை, இன்றும் 21தான். விஸ்கிக்கு வயது ஏறுவது ஓக் பீப்பாய்க்குள் மட்டுமே. குடுவைக்குள் வந்ததும் கணக்கு நின்றுவிடும். அந்த 21-ம் சராசரி அல்ல. கலவையில் மால்ட் விஸ்கியும் (முளைகட்டிய பார்லியில் செய்தது) கிரெய்ன் விஸ்கியும் (பிற தானியங்களும் சேர்ந்தது) பல சேர்ந்திருக்கும். அவற்றில் ஆகச் சின்னதற்கே 21 வயது. மற்றவை அதற்கு மூத்தவையாகவும் இருக்கலாம். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிறது. 'தேவதைகளின் பங்கு' என்பார்கள். 21 வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு காற்றோடு போயிருக்கும். விலைக்குக் காரணம் அதுவும்தான்.

இந்த விஸ்கி 1953-ல் இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்காக வந்தது; பெயர் 21 குண்டு மரியாதையைக் குறிக்கிறது. பீங்கான் பார்க்க அழகு, ஆனால் உள்ளே எவ்வளவு மிச்சம் என்று காட்டாது. காதருகே வைத்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். நிறைய இடம் விட்டுக் குலுங்கினால் கார்க் வழியே ஆவியாகியிருக்கிறது, சுவையும் தட்டையாகியிருக்கலாம்.

உங்கள் உண்மையான ஆபத்து அந்தக் கார்க்தான். ஒயின் போலப் படுக்க வைத்திருந்தால் சாராயம் அதை அரித்திருக்கும். ஒரு நாள் முன்பே நிமிர்த்தி வையுங்கள். திறக்கும்போது சுண்டி இழுக்காதீர்கள். மூடியைப் பிடித்துக்கொண்டு குடுவையை மெதுவாகத் திருகுங்கள். எனக்கு ஒருமுறை பாதி கார்க் உள்ளேயே விழுந்தது. பதறவில்லை; காபி ஃபில்டர் தாளில் வடிகட்டி, சுத்தமான கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றினேன்.

ஊற்றுவது 25 மில்லி போதும். வாய் குறுகிய, டூலிப் பூ மாதிரியான கிளாஸ். பத்து நிமிடம் தொடாமல் விடுங்கள். பிறகு வாயைக் கொஞ்சம் திறந்தபடி விளிம்பில் முகருங்கள். மூக்கை உள்ளே நுழைத்தால் ஆல்கஹால்தான் அடிக்கும். முதல் வாய் நாக்கைப் பழக்குவதற்கு, அதை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். இரண்டாவதில் உலர்பழம், ஆரஞ்சுத் தோல், பழைய மரப்பெட்டி, கடைசியில் மெல்லிய புகை என்று ஒவ்வொன்றாக வரும். விழுங்கிய பின் எவ்வளவு நேரம் தொண்டையில் தங்குகிறது என்று கவனியுங்கள்.

தண்ணீர்? பீப்பாய் வீரியத்தில், அதாவது தண்ணீர் கலக்காமல் அடைத்த விஸ்கிக்குத் தாராளமாக ஊற்றலாம். இது ஏற்கனவே தண்ணீர் சேர்த்துச் சுமார் 40 சதவீத ஆல்கஹாலுக்கு இறக்கியது. பாதி கிளாஸ் குடித்தபின் இரண்டே சொட்டு விட்டுப் பாருங்கள். ஐஸ் வேண்டாம், குளிரில் வாசனை அடங்கிவிடும். சோடாவுக்கு வேறு பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள்.

திறந்தபின் இன்னொரு 30 வருடம் காத்திருக்காதீர்கள். பாதிக்குக் கீழே இறங்கியதும் சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, இருட்டில் நிமிர்த்தி வைத்து, சில மாதங்களுக்குள் முடியுங்கள்.