பெரியகடையில் ஒரு மத்தியானம்: கேள்வி-பதில்

கேள்வி: மகளின் தாலிக்கொடிக்கும் கூறைக்கும் யாழ்ப்பாணம் போகிறோம். மத்தியானம்தான் போய் இறங்குவோம். எங்கே தொடங்குவது?
- கிளிநொச்சி வாசகி

பதில்: புடவைக்கடைக்குள் முதலில் நுழையாதீர்கள், பொழுது போவதே தெரியாது. பஸ் நிலையத்திலிருந்து நேராகக் கஸ்தூரியார் வீதிக்கு நடவுங்கள். அன்றைய பவுண் விலை கடைக்குக் கடை பெரிதாக மாறாது. செய்கூலியும் சேதாரமும்தான் மாறும். இரண்டு மூன்று கடைகளில் ஒரே நிறைக்கு, ஒரே வேலைப்பாட்டுக்கு மொத்தம் எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஓடர் கொடுப்பதென்றால், இன்றைய விலையா, எடுக்கும் நாள் விலையா என்பதை முற்பணத் துண்டிலேயே (பற்றுச்சீட்டிலேயே) எழுதுவியுங்கள். அப்புறம் பெரியகடைக் கடைத்தெருவில் ஆறுதலாகக் கூறை பார்க்கலாம்.

கேள்வி: நடைபாதையில் ‘ஒறிஜினல்’ மணிக்கூடு 1,500 ரூபாய்க்கு வாங்கினேன். நாலாம் நாள் நின்றுவிட்டது. காசைத் திருப்பி வாங்கலாமா?
- மாங்குளம் வாசகர்

பதில்: முடியாது. அந்த விலைக்கு நாலு நாள் ஓடியதே பெரிசு.

கேள்வி: கல் வைத்த அட்டியல், மூன்று பவுண் என்று சொல்லித் தந்தார்கள். அடகு வைக்கப் போனால் இரண்டரைதான் தேறும் என்கிறார்கள். துண்டில் ‘அட்டியல் 1’ என்றும் தொகையும் மட்டுமே இருக்கிறது.
- புதுக்குடியிருப்பு வாசகி

பதில்: உங்கள் மேல் கோபமில்லை அம்மா, அந்தத் துண்டின் மேல்தான். ஒரு பவுண் 8 கிராம், மூன்று பவுண் 24 கிராம். கல்லும், அதைப் பிடித்து நிற்க உள்ளே வைத்த அரக்கும் தராசில் ஏறும், அடகுக்காரர் அவற்றைக் கழித்துவிடுவார். இரண்டும் சேர்ந்து 4 கிராம் என்றால் மிச்சம் சரியாக இரண்டரைப் பவுண். கல்லுக்குப் பவுண் விலை கொடுத்திருக்கிறீர்கள்.

இதை எத்தனை தரம் எழுதினாலும் எனக்கு ஆறாது. மொத்த நிறை, கல் நிறை, தங்க நிறை, கரட், அன்றைய விலை, கூலி, சேதாரம் எல்லாம் தனித்தனியாக எழுதாத துண்டைக் கையில் வாங்காதீர்கள். 22 கரட் என்றால் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம் இருக்கவேண்டும். வன்னியில் நகை விதைப்புக்கு அடகு போய் அறுவடைக்கு மீளுகிற சேமிப்பு. அந்த 4 கிராமில் ஒரு வீட்டின் பசளைக் காசு இருக்கிறது.

துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய்க் கேளுங்கள். மசியாவிட்டால், வாங்கி மூன்று மாதத்துக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். அடகுக் கடையின் நிறைத் துண்டையும் இணையுங்கள்.

கேள்வி: சேலை முதல் கழுவலிலேயே சாயம் விட்டது. ‘விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது’ என்ற பலகையைக் காட்டுகிறார்கள். துண்டும் வாங்கவில்லை.
- பரந்தன் வாசகி

பதில்: பலகைக்குப் பயப்படவேண்டாம், பழுதான சாமானுக்கு அது பதிலாகாது. ஆனால் துண்டு வாங்காமல் வந்தவருக்கு நான் எப்படி வாதாடுவது? கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்கவேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமே சொல்கிறது. நீங்கள் கேட்கவேண்டுமே! நான் வாங்கிய கறுப்புக் குடை முதல் மழையிலேயே என் வெள்ளைச் சட்டையைக் கறுப்பாக்கியது. துண்டு இருந்தபடியால் குடையை மாற்றித் தந்தார்கள், சட்டை போனது போனதுதான்.

கேள்வி: தண்ணீர்ப் போத்தலில் அச்சடித்த விலைக்கு மேலே வாங்கினார்கள்.
- வவுனியா வாசகர்

பதில்: பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழையுங்கள்.

கேள்வி: பனங்கட்டிக் குட்டான் (ஓலைப்பெட்டியில் வார்த்த பனங்கட்டி) பத்து வாங்கினேன். எல்லாம் ஒரே விலை, ஆனால் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு.
- ஒட்டுசுட்டான் வாசகர்

பதில்: இவ்வளவு பனை நிற்கிற ஊரிலிருந்து பனங்கட்டி வாங்க யாழ்ப்பாணமா? சரி, போனதுதான் போனீர்கள், அடுத்த தரம் எண்ணி வாங்காமல் நிறுத்து வாங்குங்கள். ஓலையின் நிறையைக் கழிக்கச் சொன்னால் கடைக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும்.