உங்களுக்கு மிகவும் பிடித்த ஆங்கில பாப், ராக் ஆல்பங்களை வரிசைப்படுத்த முடியுமா?

முடியும். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: ஒரு பாட்டைக்கூடத் தாண்டாமல் முதலிலிருந்து கடைசிவரை கேட்க வைக்கிறதா? அதனால்தான் மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ (1982) என் வரிசையில் இல்லை. ஒன்பது பாட்டில் ஏழு, அமெரிக்காவில் முதல் பத்துக்குள் போனவை. அத்தனையும் பிடிக்கும், ஆனால் எதை முன்னே பின்னே மாற்றிப் போட்டாலும் ஒன்றும் குறையாது.

ஐந்தாவது பால் சைமனின் ‘கிரேஸ்லேண்ட்’ (1986). நான்காவது ரேடியோஹெட்டின் ‘ஓகே கம்ப்யூட்டர்’ (1997).

மூன்றாவது ஃப்ளீட்வுட் மேக்கின் ‘ரூமர்ஸ்’ (1977). அதைப் பதிவுசெய்த காலத்தில் குழுவிலேயே இருந்த மெக்வீ தம்பதிக்கு மணமுறிவு. குழுவின் இன்னொரு ஜோடி, லிண்ட்சே பக்கிங்ஹாமும் பாடகி ஸ்டீவி நிக்ஸும், பிரிந்துகொண்டிருந்தார்கள். டிரம்மர் மிக் ஃப்ளீட்வுட் வீட்டிலும் அதே கதை. ‘கோ யுவர் ஓன் வே’ பாட்டை பக்கிங்ஹாம் எழுதியது நிக்ஸ் மேல் இருந்த கோபத்தில். அதில் அவருக்குப் பின்குரல் பாடியிருப்பதும் அதே நிக்ஸ்தான்! இது தெரிந்த பிறகு அந்தப் பல்லவி வரும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

முதல் இரண்டும் எனக்கு ஒரே கேசட்டில் வந்தவை. பள்ளி நாட்களில் நண்பனின் அண்ணன் ஒரு 90 நிமிட கேசட்டில் பதிந்து கொடுத்தார். ஒரு பக்கம் பிங்க் ஃப்ளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ (1973), மறுபக்கம் பீட்டில்ஸின் ‘அபி ரோடு’ (1969). ஆலன் பார்சன்ஸ் என்ற ஒலிப்பதிவாளர் இரண்டிலும் வேலை செய்திருக்கிறார் என்பதெல்லாம் பின்னால் தெரிந்தது.

‘டார்க் சைட்’ எனக்கு இரண்டாவது. இதயத்துடிப்பில் தொடங்கி இதயத்துடிப்பிலேயே அடங்கும். நடுவில் கிளேர் டோரி என்ற பாடகி ஒரு சொல்கூட இல்லாமல், வெறும் குரலால் அழுது, கத்தி, தணிவார். அன்று அவருக்குக் கிடைத்த கூலி 30 பவுண்டு. அந்தப் பாட்டில் இசையமைப்பாளராக அவர் பெயரும் சேர 2005 வரை ஆனது, அதுவும் வழக்குப் போட்ட பிறகு. எனக்கு அந்த ஆல்பத்தின் உயிரே அவர் குரல்தான்.

முதலிடம் ‘அபி ரோடு’. அதன் இரண்டாம் பாதியில் சின்னச் சின்னப் பாட்டுகள் ஒன்றின் வாலைப் பிடித்து இன்னொன்றாக ஓடி, ‘தி எண்ட்’ பாட்டில் வந்து சேரும். ரிங்கோவின் டிரம்ஸ் தனியாக முழங்கும். பிறகு பால், ஜார்ஜ், ஜான் மூவரும் மாறி மாறி, ஆளுக்குச் சில நொடி, மூன்று சுற்று கிட்டார் வாசிப்பார்கள். கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம். ஆல்பமோ 47 நிமிடம். கிட்டார் சூடுபிடிக்கும்போதே ‘டக்’கென்று பட்டன் மேலே எழும்பிவிடும். அந்த ஆல்பம் எப்படி முடிகிறது என்று தெரியாமலேயே பல வருடம் கேட்டேன்.

வேலைக்குப் போய் சிடி வாங்கிய அன்றுதான் மூன்று சுற்றையும் முழுதாகக் கேட்டேன். கண் கலங்கிவிட்டது. முடிந்தது என்று எழுந்தேன். 14 நொடி அமைதிக்குப் பிறகு படாரென்று ஒரு கிட்டார் அடி, 23 நொடியில் ‘ஹெர் மெஜஸ்டி’ என்ற குட்டிப் பாட்டு. அந்தச் சின்னப் பாட்டுகளின் நடுவிலிருந்து வெட்டிய துண்டை வீசிவிட மனமில்லாமல் ஸ்டுடியோ உதவியாளர் டேப்பின் கடைசியில் ஒட்டிவைத்ததாம். பீட்டில்ஸுக்குப் பிடித்துப்போய் அப்படியே விட்டுவிட்டார்கள். வெட்டிய இடத்தில் அதன் கடைசி ஸ்வரம் முந்தைய இடத்திலேயே தங்கிவிட்டது. இப்போதும் அந்தப் பாட்டு அது இல்லாமல்தான் நிற்கிறது.